பாரா மாற்றம்

முனிரத்தினம் நாற்காலியை மூன்றாவது முறையாக நகர்த்தினார்.

இப்போது முதுகு சுவரில் ஒட்டியது. கதவும் தெரிந்தது, மாடிப்படியும் தெரிந்தது. அப்படியும் முழங்கால் ஆடுவது நிற்கவில்லை.

அவர் மனைவி அதைக் கவனிக்காத மாதிரி மடியிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணுவ ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

அவர் முடி வெட்டியிருந்தார். மீசையை ஒதுக்கியிருந்தார். ஷூவில் முகம் பார்க்கலாம். மெடிக்கல் போர்டுக்கு வந்த நோயாளி என்று யார் சொல்வார்கள்? பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"நாலு நாளு ஷேவ் பண்ண வுடாதம்மா," என்று பக்கத்து வீட்டு சுபேதார் ஏழுமலை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அழுத புள்ளதான் பால் குடிக்கும்."

இவர் அழுகிற பிள்ளை இல்லை. அவள் பயமே அதுதான்.

போன போர்டில், எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டார். இவர் எழுந்து விறைப்பாக நின்று, எல்லாம் ஓகே சார் என்றார். பதினெட்டு வருடம் அதையே சொல்லிப் பழகிய வாய். பாராவில், ராத்திரிக் காவலில், நிற்கிறவனிடம் அதிகாரி வந்து கேட்டால் வேறென்ன சொல்வான்? டாக்டரும் எழுதிக்கொண்டார். பாதி குணம் என்று தாள் வந்தது. வாரம் ஒருநாள் கூப்பிட்டுப் பேசிய மனநல டாக்டர், மாதம் ஒருநாள் என்று ஆக்கிவிட்டார்.

இந்த முறையும் அதையே சொன்னால் முழுக் குணம் என்று எழுதிவிடுவார்கள். டிசபிலிட்டி பென்ஷன் நின்றுவிடும். அதுகூடப் போகட்டும். டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று ஆகிவிடும்.

அதனால் ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். அவர் தூங்காத இரவுகளின் தேதிகள். மூன்று மாதத்தில் பன்னிரண்டு. படுக்கையிலும் ஷூவைக் கழற்றுவதில்லை என்பதையும் எழுதியிருந்தாள். ஷூ மண் படாமல் அவர் கால்மாட்டில் தான் பழைய புடவை ஒன்றை மடித்து விரித்திருப்பதை மட்டும் எழுதவில்லை.

"ஹவில்தார் முனிரத்தினம்."

முழங்கால் நின்றது. எழுந்து நடந்தார். அவள் பின்னால் ஓடினாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண் கர்னல். நல்லவேளை, தமிழ் பேசினார்.

"எப்படி இருக்கீங்க, முனிரத்தினம்?"

"எல்லாம் ஓகே மேடம்."

போச்சு.

அவள் அவசரமாக நோட்டை நீட்டினாள். கர்னல் அதை வாங்கி, புரட்டாமல் மேசைமேல் வைத்தார். முனிரத்தினம் யாரையும் கேட்காமல் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்ட நாற்காலியைக் கர்னல் பார்த்தார்.

"நேத்து ராத்திரி ரிப்போர்ட் சொல்லுங்க."

அவர் முகம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த கேள்வி.

"முன்கதவு, பின்கதவு, ஜன்னல் நாலு, ஓகே மேடம். மொட்டமாடி மூணு ரவுண்டு. ஒன்னு பத்துக்கு ஒரு பைக், நம்பர் நோட் பண்ணியாச்சு. ரெண்டே முக்காலுக்கு எதிர்வூட்டு நாய். உள்ள ரெண்டு பேரு, வைஃப், மக. மக ரெண்டு தரம் இருமிச்சு. நாலரைக்குப் பால்காரர். எல்லாம் ஓகே."

"முந்தாநாள்?"

அதையும் சொன்னார். அதற்கு முந்தின நாளையும் சொன்னார். நிமிடம் பிசகாமல், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு. மற்ற இரவுகளில் அவர் தூங்கிவிட்டார் என்று நம்பி அவளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாரா மாத்த யார் வருவாங்க?"

அவர் கதவைப் பார்த்தார். மறுபடி முழங்கால் ஆடியது.

"தேவசகாயம் வரணும் மேடம். நாலு மணிக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேவசகாயம் இவரோடு பட்டாளத்தில் இருந்த குழித்துறைக்காரர். மலையுச்சிக் காவலில் இவரை மாற்றிவிட ஏறி வந்தபோது பாதையிலேயே கண்ணிவெடியில் போய்விட்டார். ஒன்பது வருடம் ஆகிறது. ஏழுமலை சொல்லித்தான் அவளுக்கு அதெல்லாம் தெரியும். இவர் வாயிலிருந்து அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறாள்.

கர்னல் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார்.

"ட்ரீட்மென்ட் தொடரும்மா," என்றார் அவளிடம். "வாரம் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. தாள் வர அரைமணி ஆகும்."

வராந்தாவில் அவர் மறுபடி நாற்காலியை நகர்த்தினார்.

"இன்னா தப்பா சொல்லிட்டேன், இந்திராணி?"

என்னவென்று சொல்வாள்? தன் நாற்காலியை இழுத்து, அவருக்கு முன்னால், கதவும் படியும் தெரிகிற இடத்தில் போட்டாள். உட்காரவில்லை. இருபது வருடத்தில் புருஷனிடம் இந்தப் பட்டாளத்துப் பாஷையில் பேசியதில்லை.

"பாரா மாத்த வந்துருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி ஒப்படைத்தார்.

"ரெண்டு கதவு. ஒரு படி. வெயிட்டிங்ல அஞ்சு பேரு. நீலச் சட்டைக்காரன் கையில பை இருக்குது, பாத்துக்க."

"சரிங்க."

அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னால் நாற்காலி முனகியது. பிறகு ஷூ லேஸ் உருவப்படுவது கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீலச் சட்டைக்காரரின் பையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.