பத்தாவது பாட்டு

"உங்க பாட்டை அமுக்கின செவிடன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் விமர்சகர்.

வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் தலையை வெளியே எடுக்கவில்லை.

"விடுங்க சார். முப்பத்தஞ்சு வருஷமாச்சு."

விமர்சகர் விடுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷமாக ஒரே வாரப் பத்திரிகையில் இசைப் பக்கம் எழுதுகிறவர். நட்சத்திரம் கொடுப்பதெல்லாம் மற்றவர்கள் வழக்கம். இவர் கொடுப்பது பஞ்சு. ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டு முடிக்க, காதில் எத்தனை பஞ்சு உருண்டை அடைத்துக்கொள்ள வேண்டுமோ அத்தனை பஞ்சு. எழுத வந்த முதல் வாரமே அவருக்குத் தோன்றிய யோசனை அது. வேறு யாராவது தொட்டால் வக்கீல் நோட்டீஸ் போகும் என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறார். யாரும் தொட்டதில்லை.

அந்தப் பக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து. "இந்த வாரமும் சப்புன்னு இருந்தா, பக்கத்தைச் சமையல் குறிப்புக்குக் கொடுத்துடுவேன்" என்று ஆசிரியை சொல்லிவிட்டாள்.

நல்ல நேரம், பழைய இசைத்தட்டுக் கடையின் மூலையில் 'உப்புத்தூண்' கிடைத்தது. ஒரு கிறிஸ்தவ ராக் குழு. அட்டையில் நாலு பேர், இடுப்பு வரை முடியும் கழுத்தில் சிலுவையுமாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கலாம் என்றுதான் தட்டை ஓட விட்டார். இடி மாதிரி டிரம், அதன் மேல் சீறும் கிதார், அதற்கும் மேலே யாரையோ தாலாட்டித் தூங்க வைக்கிற மாதிரி ஒரு குரல். முதல் பாட்டு முடிவதற்குள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இப்படி ஒன்று எப்படி அமுங்கிப் போனது? விசாரித்து, விலாசம் பிடித்து, போன் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த மெக்கானிக்தான் அந்தக் குழுவின் டிரம்மர்.

"அப்பவும் டிரம், இப்பவும் டிரம்தான் சார்." மெக்கானிக் மெஷினின் உருளையைத் தட்டிக் காட்டினார். "சர்ச்சுக்குப் போறவங்க இரைச்சல்னாங்க. இரைச்சல் கேக்கறவங்க பிரசங்கம்னாங்க. நடுவுல மாட்டிக்கிட்டோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" டீயோடு வந்த மனைவி நின்றாள். "அந்த விமர்சனத்தை முழுங்கிட்டீங்களே. சார், பாடினது இவரோட அண்ணன். அதைப் படிச்சவர் அப்புறம் வாயைத் திறக்கல. இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டறார். பஸ்ல ரேடியோகூடப் போட மாட்டார்."

"அப்படி என்னம்மா எழுதினான்?"

"பத்தாவது பாட்டு, ஜலதோஷம் பிடிச்ச ஆடு ஜெபம் பண்ற மாதிரி இருக்காம்."

விமர்சகர் டீயைக் கீழே வைத்தார்.

"தட்டுல ஒம்பது பாட்டுதானே இருக்கு?"

"அதுதான் சார் கூத்து" என்றாள் மனைவி. "தட்டுல இடம் பத்தலைன்னு கடைசி நேரத்துல பத்தாவதைத் தூக்கிட்டாங்க. அட்டை அதுக்குள்ள அச்சாயிடுச்சு."

விமர்சகரின் கண் மின்னியது. ஆக, அந்த ஆள் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறான். தட்டை உறையிலிருந்து உருவக்கூட இல்லை.

"இல்லாத பாட்டுல ஆடு கத்திச்சாம். மானங்கெட்டவன். இவனையெல்லாம் சந்தி சிரிக்க வெச்சாத்தான் புத்தி வரும்."

அங்கேயே குறிப்பேட்டை எடுத்துத் தலைப்பு எழுதினார்: 'காது கடன் வாங்கியவன்.' ஆசிரியையைக் கூப்பிட்டார்.

"நாலு மணிக்குக் கட்டுரை வரும். ஆளோட பேரும் போட்டோவும் சேர்த்துப் போடறோம்."

"போட்டோவைப் பெரிசாவே போட்டுடலாம் சார்" என்றாள் ஆசிரியை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்தப் பத்திரிகைத் துண்டு இருக்கா?"

"எங்கயோ போயிடுச்சு சார்" என்றார் மெக்கானிக், மெஷினைப் பார்த்து.

"எங்க போச்சு? நேத்து சார் போன் பண்ணி வெச்சதும் பைபிளுக்குள்ளேருந்து எடுத்துப் பாத்தீங்களே." மனைவி உள்ளே போய்க் கையோடு கொண்டுவந்தும் விட்டாள்.

தொட்டால் பொடியும் பழுப்புக் காகிதம். மூன்று ஓரமும் நைந்திருந்தது. கீழ் ஓரம் மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக, புத்தம் புதிதாக இருந்தது.

"பேரை வெட்டிட்டீங்களா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கும் அப்ப சின்ன வயசு சார். வாரத்துக்கு இருபது தட்டு வந்து குவிஞ்சிருக்கும், எத்தனையைத்தான் கேப்பார்? இப்ப வயசாகியிருக்கும். பேரன் பேத்தி கண்ணுல பட்டா நல்லாவா இருக்கும்?"

"உங்களை மாதிரி பயந்தாங்கொள்ளிங்க இருக்கறதாலதான் அவனுங்க பொழைக்கறானுங்க" என்று சீறினார் விமர்சகர். "பேரே வேண்டாம். எழுத்தை வெச்சே ஆளைப் பிடிச்சுக் காட்டறேன். நாப்பது வருஷ அனுபவம் சும்மாவா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலை ஏற்றி இறக்கி நக்கலாகப் படிக்க ஆரம்பித்தார். ஆடு வந்த இடத்தில் ஆடு மாதிரியே கத்திக் காட்டினார். மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கடைசி வரிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மெக்கானிக் சட்டென்று மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெயரை ஒழுங்காகத்தான் கத்தரித்திருந்தார். அதற்கு மேலே இருந்த வரியைத்தான் மறந்துவிட்டார்.

'இந்த ஆல்பத்துக்கு நாலு பஞ்சு.'