மறைத்துவைத்த எண்

பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் ஆசை கணக்கை வளைத்துவிடக் கூடாதென்று, அளவுகளோடு ஓர் எண்ணை ரகசியமாகக் கூட்டி வைப்பார்கள். சோதனைகளெல்லாம் முடிந்த பிறகே அதை நீக்கி உண்மையான விடையைப் பார்ப்பார்கள்.

புனேயில் அச்சுதனின் குழுவுக்காக அந்த எண்ணைக் காத்தவள் அவர் மனைவி வைஜயந்தி.

"இன்னிக்காவது விடையச் சொல்லேன், வைஜி." நகரின் தாபோடிப் பகுதியிலிருந்த வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த அச்சுதன் தினமும் கேட்பார்.

"சோதனை முடியலை. ரூல்னா ரூல்."

"சாகப்போறவன்கிட்டகூடவா? ராட்சசி!"

"விடை தெரியாம நீங்க எங்கயும் போக முடியாது."

உண்மையில் சோதனைகள் முடிந்து, அவள் எண்ணைக் குழுவிடம் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. விடை தெரிந்துவிட்டால் அவர் உயிரை விட்டுவிடுவார் என்ற பயத்தில் அவரிடம் மட்டும் மறைத்தாள். கடைசி வாரம் வலியில் பேச்சு குழறியது. அப்போதும் கேட்டார்.

மயானத்தில், அவர் குழுவிலிருந்த ஜெயந்திடம் அவள் உடைந்து அழுதாள். "தெரியாமலே போயிட்டார், ஜெயந்த். நான் சொல்லியிருக்கணும்."

ஜெயந்த் தயங்கினான். "சாருக்குத் தெரியும், மேடம். விடை வந்த அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

"பின்ன ஏன் தினமும் என்னைக் கேட்டார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கேக்கறத நிறுத்தினா, நான் கிளம்பத் தயாராயிட்டேன்னு அவ பயந்துடுவாடா'ன்னார்."