மேடம் அடிக்கவில்லை

இன்ஸ்பெக்டர் அம்சவல்லி இன்னும் கை ஓங்கவில்லை. ஏட்டம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

எதிரே ஆனந்தராஜ். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரன். இரண்டாம் வகுப்புச் சிறுமியிடம் தவறாக நடந்ததாகப் புகார். இப்படிப்பட்டவன் வந்தால் மேடம் அறைந்துவிட்டுத்தான் பெயரையே கேட்பார். இன்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"பயப்படாத. நடந்தத சொல்லு."

சொன்னான். "தப்புதாங்க மேடம்."

மேடம் பேப்பரை ஏட்டம்மா பக்கம் தள்ளினார்.

"எழுதிக்குங்க ஏட்டம்மா," என்று எழுந்தார்.

"வேற எந்தப் புள்ளைங்கன்னு கேக்கவே இல்லியே மேடம்? எப்பவும் அதத்தான மொதல்ல கேப்பீங்க?"

"நீங்க கேளுங்க. என்னால முடியாது."

வேகமாக வெளியே போனார். ஏட்டம்மாவும் பின்னாலேயே ஓடினார். வாசலில் நின்ற ஆனந்தராஜின் ஆட்டோவில், டிரைவர் சீட்டு ஓரம் ஒரு சின்ன வாட்டர் பாட்டில் தொங்கியது. மேடம் அதைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணோடது ஏட்டம்மா. ஒரு வாரமா இந்த ஆட்டோவுல போவ மாட்டேன்னு அழுவுறா. இன்னிக்குக் காலையிலகூட அடிச்சிதான் ஏத்தி வுட்டேன்."