ஒரு மூடி மருந்து

பாலக்கோட்டில் ஒரு பிளே ஸ்கூல், நடுப்பகல். மண்டியில் தக்காளி தரம் பிரித்த கையோடு மகளைக் கூட்டிப்போக வந்த மலர்க்கொடி வாசலிலேயே நின்றுவிடுகிறாள். இரண்டரை வயது கனிஷ்கா சுவரோரம் காலை நீட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் ஈ ஊர்கிறது, அதைக்கூட விரட்டவில்லை. "பாத்தீங்களா, இப்ப எப்படி உக்காந்திருக்கா," என்கிறார் நிர்மலாதேவி மிஸ். மேசைக்கடியில் அவர் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் இதே மிஸ்தான் செல்போனில் நாலு வரி படித்துவிட்டு, ஓரிடத்தில் நிற்காத இந்தக் குழந்தைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு, என்றவர். பயந்துபோய் மலர்க்கொடி மகளைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் அரை மணி நேரம் அவளை விளையாடவிட்டுப் பார்த்தார். "கதை சொன்னா கேக்கறா, பிடிச்ச பொம்மை கெடச்சா உக்கார்றா. இது வயசுக்கேத்த துறுதுறுப்புதாம்மா. ஏடிஹெச்டின்னு இந்த வயசுல யாரும் முடிவு பண்ண மாட்டாங்க," என்று அனுப்பினார். அதை மலர்க்கொடி வந்து சொன்னபோது மிஸ் தலையாட்டினார், நன்றாகவே ஆட்டினார். மலர்க்கொடி மகளைத் தூக்குகிறாள். தலை துவண்டு தோளில் விழுகிறது. உதட்டோரம் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை. ஜன்னலில் சளி சிரப் பாட்டில், பக்கத்தில் ஈரம் காயாத மூடி. குழந்தைக்குச் சளியே இல்லை. "சித்த நேரம் அமைதியா இருக்கட்டும்னு ஒரு மூடிதாங்க குடுத்தேன்." மலர்க்கொடி ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுக்கிறாள். தக்காளிக் கறை படிந்த கையால் மூடி நிறைய ஊற்றி மேசைமேல் வைக்கிறாள். "குடிங்க மிஸ். நீங்க எவ்ளோ நேரம் ஆடாம உக்கார்றீங்கன்னு நான் பாக்கறேன்." மேசைக்கடியில் அந்தக் கால் நின்றுவிடுகிறது.