இருதயப் பாடம்

கம்ப்யூட்டர் திரையில் இருதயம் துடித்துக்கொண்டிருந்தது.

பவானேஸ்வரி இன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்கு நர்சு வேலை படிக்க வந்தவள். தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுவாள். இருதயப் பாடம் என்றால் கேட்கவே வேண்டாம். போன பரீட்சையில் பெயரை மட்டும் எழுதிவிட்டு, வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அதனால்தான் பாடம் நடத்தும் ஜெயா சிஸ்டர், புதிதாக வந்த சி.டி.யைப் போட்டு அவளைத் தனியாக உட்கார வைத்திருந்தார்.

மௌஸை அழுத்தினாள்.

படத்தில் இருதயம் சோர்ந்தது. தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்கியது. நுரையீரலில் நீர் மெல்ல மெல்ல ஏறியது.

மாதக்கணக்கில் மண்டையில் ஏறாதது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"இப்ப சொல்லு, இந்த நோயாளிக்கு என்னா செய்யும்?" பின்னால் வந்து நின்ற ஜெயா சிஸ்டர் கேட்டார்.

திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். குழாயடிக்குப் போய்த் திரும்பினாலே மூச்சு வாங்கும். சாயங்காலம் ஆனால் வீங்கிய காலில் செருப்பு ஏறாது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியேதான் கண்ணசர முடியும். இருமினால் லேசாகச் சிவந்த நுரை வரும்.

ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

ஜெயா சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பயமெல்லாம் போச்சு பாத்தியா! புக்ல இல்லாததெல்லாம் சொல்றியேலா!"

முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மாணவியைக் கூப்பிடப் போனார்.

பவானேஸ்வரி எழுந்திருக்கவில்லை.

தீபாவளி லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்த அம்மாவைப் பார்த்து எல்லாரும் இழுப்பு என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கார் பிடித்து வர அண்ணன் ஓடியிருந்தான். கார் வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அதுவரை என்ன செய்வதென்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்த லயத்து வீடுகளிலேயே நர்சுக்குப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

வேண்டாம், வேண்டாம் என்று அம்மா தலையை ஆட்டியபோதும், தோளை அமுக்கி, தலையணையையும் உருவி எடுத்துவிட்டு, பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தது அவள்தான்.