இரண்டு பெக் வைத்தியம்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் தீவுக்குக் கப்பல் வராமல் சுரைக்காய்கூட ஆப்பிள் விலைக்கு விற்ற மழைக்காலம் அது என்று தோன்றுகிறது. அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டு கான்ட்ராக்டர் செந்தமிழன் ஆரோக்கியமாக வாழ முடிவு செய்தார்.

கல்லீரல் வீங்கியிருக்கிறது, குடியை அறவே விடுங்கள் என்றார் டாக்டர். செந்தமிழன் டெண்டர்போல் பேரம் பேசினார். இரண்டு பெக்கில் படிந்தது.

அன்றிலிருந்து அவித்த காய், எண்ணெய் காட்டாத மீன். ரம் பாட்டில் மனைவி சங்கவியின் பொறுப்பு. மாலையில் கோலா கலந்து இரண்டு டம்ளர் அவளே கொண்டுவந்து வைப்பாள். எங்கள் லம்பா லைன் பகுதி முழுக்க அவருடைய கட்டுப்பாட்டை மெச்சியது.

குடித்ததும் அவளை அடிப்பது மட்டும் குறையவில்லை. டாக்டர் அதற்கு அளவு எதுவும் சொல்லவில்லை.

காலையில், "போதையில என்ன பண்ணேன்னே தெரியலடி" என்பார். அவள் இருமுறை போலீசுக்குப் போனாள். "குடிச்சிட்டுப் பண்ணதும்மா. தெளிஞ்சா தங்கமான மனுஷன். சோடோ, விட்டுடு, கேஸெல்லாம் எதுக்கு?" என்று இன்ஸ்பெக்டர் ஆரிப் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு அவள் போகவில்லை. பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

ஒரு மாலை, இரண்டாவது டம்ளரை முடித்துவிட்டு சமையலறைக்குள் நுழைந்தார் செந்தமிழன். ரம் பாட்டிலுக்குள் ஏதோ கறுப்புச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள் சங்கவி.

கன்னத்தில் அறைந்து, அவளையும் பாட்டிலையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கியா ஹுவா, கான்ட்ராக்டர் சாப்? என்னாச்சு?" என்றார் ஆரிப்.

"விஷம் வெக்கிறா சார்! மாசக்கணக்கா!" நாக்கு குழறியது. கால் தள்ளாடியது. "இவ ஊத்துறதத் தவிர வெளிய ஒரு சொட்டு தொட்டதில்ல. புள்ளைங்க மேல சத்தியம்!"

ஆரிப்பின் முகம் இறுகியது. "என்னம்மா கலந்தே? உசுரு போனா தூக்குதான், தெரியும்ல?"

சங்கவி ஆரிப்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"டிராபிக்ல ஊதச் சொல்ற மெஷின் இருக்குல்ல சார்? அவரை ஊதச் சொல்லுங்க."

ஊதினார். பூஜ்யம். வேறொரு மெஷின் வந்தது. அதிலும் பூஜ்யம்.

"கருக்கின வெல்லம், இஞ்சி, மிளகு. கொஞ்சம் கொஞ்சமா ரம்மைக் குறைச்சேன். இந்த ஆறு மாசமா சுத்தமா இல்ல சார்."

ஆரிப் அவள் கன்னத்தைப் பார்த்தார். "அப்ப, இந்த ஆறு மாசமா அடிச்சதெல்லாம்...?"

செந்தமிழன் தள்ளாடுவதை நிறுத்தினார்.

இம்முறை கேஸ் பதிவானது. சங்கவி பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறாள். ஆரிப் மாற்றலாகி, தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பே போய்விட்டார். சிறையில் இருக்கும் செந்தமிழனுக்குக் கல்லீரல் பூரணமாகக் குணமாகிவிட்டது.