மூன்றாம் மாடிக்கு மேலே

"இவ்வளவு சிக்கலான உயிரை யாரோ ஒரு புத்திசாலி திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கணும். என்னம்மா சொல்றே?"

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மூடிய இடம் என்றாலே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். போதாக்குறைக்கு, கூட நிற்பவர் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா. ரிட்டையர்டு வாத்தியார். இன்றுதான் முதல் சந்திப்பு. அவர் சரி என்றால்தான் கல்யாணப் பேச்சே. உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவளிடம் போய் இதைக் கேட்கிறாரே!

"அது வந்து... சார்..."

"முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு உங்க விஞ்ஞானம் சொல்லிடுச்சா?"

"முழுசா இன்னும் இல்ல. தேடிட்டிருக்காங்க."

"அப்போ நான் சொல்றதுதான் சரி!"

அவளுக்குச் சுருக்கென்றது.

"அதெப்படி? பரீட்சையில நான் ஒரு கேள்விய விட்டுட்டா, உங்க வெத்துப் பேப்பருக்கு மார்க் போட்டுடுவாங்களா?"

"நான்தான் பதில் எழுதிட்டேனே. ஒருத்தர் செஞ்சார்."

"எப்போ செஞ்சார்? எத வச்சு? எத முதல்ல? இந்த லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, 'யாரோ நிறுத்திட்டாங்க'ன்னு மெக்கானிக் சொன்னா விட்டுடுவீங்களா? எந்த ஒயர், என்ன கோளாறுன்னு சொல்ல வேண்டாமா? எங்க விளக்கத்துல ஓட்டை தேடறீங்களே தவிர, உங்க விளக்கம்னு ஒண்ணுமே சொல்லலியே!"

கம்பியை எப்போதோ விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். ஐயையோ, கல்யாணம் அவ்வளவுதான் என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டபோது லிஃப்ட் குலுங்கி மேலே ஏறியது.

கதவு திறந்தது. வெளியே அவனும் அவன் அம்மாவும் தவித்துப்போய் நின்றிருந்தார்கள்.

"அப்பா, மூடின இடம்னா இவளுக்கு பயம்னு சொல்லியிருந்தேனே..."

"அதான் பயப்பட நேரமே குடுக்கலியே."

"பொண்ண என்ன சொல்லி வம்புக்கு இழுத்தீங்க?" என்று அவன் அம்மா முறைத்தாள்.

"வருஷா வருஷம் கடைசி பெஞ்சு கேக்கிற அதே கேள்விதான்" என்று சிரித்தார் அவர். "முப்பது வருஷம் பரிணாமப் பாடம் நடத்தியிருக்கேன், இவ்வளவு அழகா பதில் சொல்ல எனக்கே வந்ததில்ல. உள்ளே வா, மருமகளே!"